வேதசாட்சி தேவசகாயம்

நம் பாட்டிமார் பிள்ளை என்று சேர்த்தே அழைத்துவந்த வேதசாட்சி தேவசகாயம், 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல். மேக்கோட்டுப் பார்கவியம்மாளுடன் இல்லறம். பொருள் நட்டத்தால் மனம் நொந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டிலனாய் என்பவர் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி சுவாமியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம்.

அவர் வேதத்தில் சேர்ந்தது மட்டும் மேல்தட்டினரைச் சினமூட்டவில்லை. சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். மனிதர் யாவரும் சமம் என்று போதித்தார். இதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1749 பிப்ரவரி 23 அன்று கைது செய்யப்பட்டார். அரச துரோகி என்று பழி வந்தது. எருமைமேல் பின்புறம் நோக்கி அமர்த்தி ஊரூராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தவர் முழங்கையால் இடித்த பாறையில் தண்ணீர் சுரந்ததாக நம் முன்னோர் சொல்வார்கள்; முட்டிடிச்சான் பாறை என்ற பெயர் அதனால்தான்.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் எறிந்தார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் தேடிச்சென்று, மிஞ்சிய எலும்புகளைக் கொண்டுவந்து கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ என ஞானஸ்நானம் பெற்றிருந்த மனைவி, வடக்கன்குளத்தில் விதவையாக வாழ்ந்து 1766இல் காலமானார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. கௌசானல் சுவாமியார் 1910இல் அதை இடித்தார். அதற்கும் நம்மவர்களே வழக்குத் தொடுத்தார்கள்!

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அன்று நனைந்த கண்கள் எத்தனை! 2022 மே 15 அன்று உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. அதற்கு முன்பே பிள்ளை என்னும் சாதிப் பெயரை உரோமை நீக்கிவிட்டது. நாவில் ஊறிய பெயராயிற்றே என்று சிலருக்கு மனத்தாங்கல். அதை நீக்கியதே முறை என்பது என் எண்ணம்.

காற்றாடிமலைக்குச் செல்வோர் இன்றும் மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டி, அது எழுப்பும் மணியோசையைக் கேட்டுவிட்டே மலையிறங்குகிறார்கள்.