ரொக்கையா அம்மையார்

சேர்வராயன் மலையிற் பிறக்கும் கிளியூர் அருவியும் கோடையில் மெலிந்துவிடும். அந்நாளில் முகிலினின்று நேரே நீரை இறக்கிக்கொள்ள இயலுமாயின் எத்துணை நன்று! இத்தகைய எண்ணத்தைக் கதையாக்கியவர் ரொக்கையா அம்மையார்.

இவர் 1880-ஆம் ஆண்டு வங்கத்துப் பைராபந்து என்னும் ஊரில் செல்வக் குடியிற் பிறந்தார். அக்குடிப் பெண்டிர் திரைக்குள்ளே வாழ்ந்தனர். பள்ளி சென்று பயிலும் பேறு அவர்க்கு இல்லை. தமையனார் இப்ராகிம், வீட்டார் உறங்கிய பின்னர் விளக்கொளியில் இவருக்கு ஆங்கிலமும் வங்கமும் கற்பித்தார்.

மணமான பின்னர்க் கணவர் இவரை எழுதுமாறு ஊக்கினார். 1905-இல் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் இவர்தம் ஆங்கிலக் கதை, சென்னையில் கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய மாதர் இதழில் வெளிவந்தது. அக்கதை நாட்டில் ஆடவர் வீட்டினுள் அடங்கியிருப்பர். பெண்டிர் அறிவியல் கற்று ஆட்சி புரிவர். முகில் நீரால் பயிர் வளர்ப்பர். கதிரவன் வெம்மையால் உணவு சமைப்பர். அவ்வெம்மையாலேயே பகைவரையும் வெல்வர்.

படிப்போர் நகைப்பர், நகைத்த பின்னர்ச் சிந்திப்பர். ஆடவரை அடைத்துவைத்தல் முறையன்று எனின், பெண்டிரை அடைத்தல் மட்டும் எங்ஙனம் முறையாகும்? அஃது இயற்கையின் விதியோ, மாந்தர் வகுத்த வழக்கமோ? இதுவே கதையினுள் மறைந்த வினா.

கணவர் 1909-இல் மறைந்தார். கைம்மைத் துயரிலும் தளராத அம்மையார், 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பள்ளி தொடங்கினார். வீடுதோறும் சென்று, பெண்மக்களை அனுப்புமாறு பெற்றோரை வேண்டினார். 1932-இல் உயிர் நீக்கும்வரை அப்பணியை விட்டாரில்லை.

மாணவர்காள்! கனவு காண்டல் எளிது. அதற்குப் பள்ளி கட்டுதல் அரிது. அம்மையார் இரண்டினையும் செய்தார்.