யதீமை வளர்ப்பவரின் சுமை



யதீம்களை ஆதரிப்பதன் சிறப்பை அடிக்கடி கேட்கிறோம். அந்த யதீமைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் சாச்சாவுக்கும் நன்னிக்கும் மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இன்று அப்படி வளர்த்த ஒருவரின் வாழ்வைப் பார்ப்போம். அவர் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை அபூதாலிப்.

நபியவர்கள் பிறக்கும் முன்பே தந்தை அப்துல்லாஹ் மறைந்தார். 6 வயதில் தாயார் ஆமினா மறைந்தார்கள். 8 வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைந்தபோது, அந்தப் பொறுப்பு அபூதாலிபிடம் வந்தது. அப்துல்லாஹ்வும் அவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். குறைஷியரிடம் மதிப்பு மிக்கவர். ஆனால் செல்வந்தர் அல்ல. பிள்ளைகளோ அதிகம். அந்த வீட்டில்தான் இன்னொரு தட்டு வைக்கப்பட்டது. அவருடைய மனைவி ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள் தாயின் இடத்தில் நின்று வளர்த்தார்கள்.

நபியவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத் கூலிக்கு மேய்த்தார்கள். வளர்ந்து, கதீஜா (ரலி) அவர்களை மணந்து, வசதி வந்தது. அப்போது மக்காவில் கடும் பஞ்சம். மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஆண்டில் ஒரு குறுவை விவசாயியின் வீடு எப்படி இருக்கும் என்பது டெல்டாவில் வாழும் உங்களுக்குத் தெரியும். அபூதாலிபின் வீடும் அப்படித் திணறியது.

நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஆறுதல் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. வசதியான சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பேற்போம் என்று பேசி, இருவரும் அபூதாலிபிடம் சென்றார்கள். அகீலை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்று அவர் சம்மதித்தார். அலீ (ரலி) நபியவர்களின் வீட்டுக்கும், ஜஅஃபர் (ரலி) அப்பாஸின் வீட்டுக்கும் வந்தார்கள்.

பிற்காலத்தில் குறைஷியர் ஊர்விலக்கம் செய்தபோது, சுமார் 3 ஆண்டுகள் கணவாயில் அபூதாலிப் உடனிருந்து பசியைப் பகிர்ந்தார். நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில் இறந்தார். அவர் ஈமான் கொள்ளவில்லை என்பதே அஹ்லுஸ் ஸுன்னாவின் நிலைப்பாடு. ஆனாலும் நபியவர்கள் அவரது உபகாரத்தை மறக்கவில்லை.

சகோதரர்களே! ராஜகிரியிலோ பண்டாரவாடையிலோ அய்யம்பேட்டையிலோ, உங்கள் குடும்பத்தில் யதீமை வளர்ப்பவர் யார்? அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். நீங்களே செல்லுங்கள். பள்ளிக் கட்டணத்தை ஒருவர், அரிசியை ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வளர்ப்பவர் ஏழையான அண்ணனோ சாச்சாவோ மாமாவோ என்றால், உங்கள் ஜகாத்தையே கொடுக்கலாம். உங்கள் பாட்டன், பாட்டி என்றால் ஜகாத் கூடாது. சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள். யதீமுக்குச் சொத்து இருந்தால், வசதியுள்ள காப்பாளர் அதைத் தொடாமல் ஒதுங்கட்டும். ஏழையான காப்பாளர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது.

தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் ஏழைக் குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. நம் ஜமாஅத்தின் படித்த இளைஞர்கள் இதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் ஸதகாவே.

யதீமையும் யதீமைச் சுமப்பவரையும் தாங்கும் கரங்களாக நம் கரங்களை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.