கொசுவின் வயிற்றில் கண்ட உண்மை

விருப்பமின்றி ஏற்ற தொழிலில் உலகப் புகழ் எய்தியோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ரொனால்ட் ராஸ். இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பிறந்த அவர், எழுத்தாளராக விளங்கவே விழைந்தார். படை அதிகாரியான தந்தையாரின் விருப்பத்திற்கிணங்க இலண்டனில் மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

அந்நாளில் மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்துத் தீய காற்றால் வருவதென்றே பலரும் நம்பினர். நோயாளியின் குருதியில் அதன் ஒட்டுண்ணியை லாவரன் 1880இல் அல்ஜீரியாவில் கண்டிருந்தார். ஆயினும் அது ஓர் உடலினின்று மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி புலப்படவில்லை. 1894இல் இலண்டனில் மான்சன் என்னும் மருத்துவர், அதனைக் கொசுவிடம் தேடுமாறு ராஸைத் தூண்டினார்.

செகந்திராபாத் திரும்பிய ராஸ், பங்காவின் காற்றில் கொசு பறந்துவிடுமென்று அதனையும் தவிர்த்து, புழுக்கத்தில் வியர்வை சொட்ட நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருந்தார். ஈராண்டுகள் பயனின்றிக் கழிந்தன. பொருந்தாத இனக் கொசுக்களை ஆராய்ந்ததே காரணம். 1897 ஆகஸ்டில் உசேன்கான் என்னும் நோயாளி, கொசுவொன்றுக்கு ஓரணா பெற்று, புள்ளிச் சிறகுடைய அனாபிலிஸ் கொசுக்களுக்குத் தம் குருதியை அளித்தார். 20ஆம் நாள், அத்தகைய கொசுவொன்றின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதை ராஸ் கண்டார்.

1898இல் கல்கத்தாவில், முகமது பக்ஷ் என்னும் உதவியாளர் துணைநிற்க, பறவை மலேரியா கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே பரவுவதை மெய்ப்பித்தார். மனித மலேரியாவுக்கும் அதுவே வழியென்பதை இத்தாலிய அறிஞர் கிராசி குழுவினர் அவ்வாண்டிலேயே நிறுவினர். 1902இல் நோபல் பரிசு ராஸை அடைந்தது.

ஆயினும் அவர் அத்துடன் அமையவில்லை. கணிதத்தின் துணைகொண்டு அரியதோர் உண்மையை நாட்டினார். கொசுவினம் முழுவதையும் அழிக்க வேண்டுவதில்லை. அதன் தொகை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால், நோய் தானே தேய்ந்து மறையும் என்பதே அது.

அவர் கண்ட கொசுவின் வயிறே ஒட்டுண்ணியின் ஆணும் பெண்ணும் கூடுமிடம் என்பதை இன்று அறிவோம். நோய் மிகுந்த ஊர்களில் ஒரே கொசு பல வகை ஒட்டுண்ணிகளை உறிஞ்சுவதால், அவை கலந்து புதுவகைகள் பிறக்கின்றன. நோய் அருகிய ஊர்களிலோ பெரும்பாலும் ஒரு வகையே தன்னுள் கூடி, தன்னையொத்த வழித்தோன்றல்களைத் தருகிறது. ஆதலின், புதிதாகக் காணும் காய்ச்சல் உள்ளூரில் எஞ்சியதா, வெளியூரிலிருந்து வந்ததா என்பதை மரபணு ஒப்பீட்டால் பெரிதும் உய்த்துணரலாம். நோய் எல்லைக்குக் கீழே குறைந்த பின்னரும் விழிப்புடன் இருக்க இவ்வறிவு உதவுகிறது.

1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் ராஸ் மறைந்தார். அவர் புகழை ஓதும் மாணவச் செல்வங்கள், ஓரணாவுக்குக் கைநீட்டிய உசேன்கானையும் மறவாதிருத்தல் வேண்டும். அறிவின் வெற்றியில் எளியோர்க்கும் பங்குண்டு.