வேல்மாறலைக் கோர்த்த சமையல்காரர்: வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்த வரிசை

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை!



இப்போ நம்மள்ல நிறைய பேரோட போன்ல தினமும் வேல்மாறல் ஓடுது. ராஜபாளையம் மில்லுக்கு முதல் ஷிப்ட் போற பஸ்ல, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே போற தம்பிகள் இருக்காங்க. பரீட்சைக்கு 48 நாள் இருக்குன்னா அன்னைக்கே பாராயணத்தை ஆரம்பிக்கிற தங்கச்சிகளும் இருக்காங்க. ஆனா அந்த வேல்மாறலைத் தந்தது யாருன்னு கேட்டா, எல்லாரும் அருணகிரிநாதர்னு சொல்வாங்க. அது பாதி சரி.

அருணகிரிநாதர் பாடியது வேல் வகுப்பு. அதில் 16 அடிகள். அந்த 16 அடிகளையும் முன்னும் பின்னுமாக மாற்றி, ஒவ்வொன்றும் 4 முறை வரும்படி 64 அடிகளாகக் கோர்த்து, பாராயணமாக நமக்குத் தந்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அடிகள் மாறி மாறி வர்றதாலதான் மாறல்னு பேர்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த 64 அடியில சுவாமிகள் சொந்தமா எழுதினது ஒண்ணுகூட இல்ல. எல்லாமே ஏற்கெனவே இருந்த அடிகள்தான். எது முன்னாடி, எது பின்னாடிங்கிற வரிசையை மட்டும்தான் அவர் அமைச்சார். அவரோட வாழ்க்கைக் கதையும் அப்படித்தான். புதுசா எதையும் தேடி ஓடல. கையில இருந்ததுல எது முதல்லன்னு முடிவு பண்ணினார். இன்னைக்கு அந்தக் கதையைப் பார்ப்போம்.

அரண்மனை அடுப்படி

1870 நவம்பர் 25 அன்று பிறந்தவர். தந்தை சிதம்பரம் ஐயர், தாய் லட்சுமி அம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு ஈசனின் பெயர் அது.

பள்ளிப் படிப்பு அவருக்கு அமையவில்லை. வாழ்க்கைக்கு வழி காட்டியது சமையல்தான். மைசூர் அரண்மனையில் சமையல்காரராக வேலை பார்த்தார். அரண்மனை வேலைன்னா அந்தக் காலத்துல சாதாரணமில்லை. நிரந்தர வருமானம், மரியாதை, நல்ல சாப்பாடு எல்லாம் இருந்தது. மனைவி, குழந்தைகள்னு குடும்பமும் இருந்தது.

ஆனால் குடும்பத்தில் இழப்புக்கு மேல் இழப்பு வந்தது. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அதோடு தீராத வயிற்று வலியும் சேர்ந்துகொண்டது. ஊருக்கெல்லாம் ருசியாகச் சமைத்துப் போட்ட மனிதரால் தன் வயிற்றுக்கு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

1908-ல் அவர் பழனிக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய திட்டம், லட்சியம் எதுவும் அவரிடம் இல்லை. வலி தீர வேண்டும், அவ்வளவுதான். நாம கோவிலுக்குப் போறப்போ பெரும்பாலும் எப்படிப் போறோமோ, அதே மாதிரிதான் அவரும் போனார்.

பழனியில் கேட்ட பாட்டு

தண்டாயுதபாணியின் அபிஷேகத் தீர்த்தத்தை அருந்தி, அங்கேயே தங்கினார். வயிற்று வலி தீர்ந்தது.

நம்மள்ல பல பேரோட கதை இங்கேயே முடிஞ்சிரும். வேண்டுதல் பலிச்சிருச்சு, மொட்டை போட்டாச்சு, பஞ்சாமிர்தம் வாங்கியாச்சு, ஊருக்குக் கிளம்பியாச்சு. அவர் கதை இங்கதான் தொடங்குச்சு.

பழனி சன்னிதியில் ஒரு நடன மாது திருப்புகழ் பாடி ஆடுவதை அவர் கேட்டார். அந்தச் சந்தமும் சொல்லும் அவரைப் பிடித்துக்கொண்டன. வலி போன பிறகு இனி எதற்காக வாழ்வது என்ற கேள்விக்கு அந்தப் பாட்டிலேயே பதில் கிடைத்தது போல இருந்தது. திருப்புகழைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆனா ஒரு சிக்கல். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது.

திருப்புகழை நாமே படிச்சுப் பாத்திருக்கோம். பத்தாவது, பன்னிரண்டாவது முடிச்ச நமக்கே நாக்கு புரள மாட்டேங்குது. சந்தம் ஓடுற வேகத்துக்கு மூச்சு பத்தாது. எழுத்தே தெரியாத ஒருத்தர், அதுவும் அந்த வயசுல, இதை எப்படிப் படிப்பார்? வெட்கமா இருக்கும்னு விட்டிருக்கலாம். யாராவது பாடினா கேட்டுக்கலாம்னு இருந்திருக்கலாம்.

அவர் விடவில்லை. திருப்புகழ்ப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அ, ஆ என்று எழுத்திலிருந்து தொடங்கினார். எழுத்து சொல்லானது, சொல் அடியானது, அடி பாட்டானது. கொஞ்சம் கொஞ்சமாக நூற்றுக்கணக்கான பாடல்கள் மனப்பாடமாயின. பின்னாளில் திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பியவர், அந்தத் திருப்புகழைப் படிப்பதற்காகவே எழுத்துப் படித்தவர்.

வேலையில் இருந்தபடியே ஒருவர்

இந்த இடத்துல சிலருக்கு மனசுல ஒரு கேள்வி வரும். அவர் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர், நமக்கு வேலை இருக்கு, வீட்டுக் கடன் இருக்கு, தங்கச்சி கல்யாணம் இருக்கு, நம்மால முடியுமான்னு. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில், அவர் கையில இருந்த அந்தப் புத்தகத்தோட கதையிலேயே இருக்கு.

திருப்புகழ்ப் பாடல்கள் ஒரு காலத்தில் ஓலைச்சுவடிகளில் ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்தன. அருணகிரிநாதர் 16,000 பாடல்கள் பாடியதாகச் சொல்வது மரபு. இன்று நம்மிடம் இருப்பவை சுமார் 1,300 மட்டுமே. அந்த அளவாவது மிஞ்சியதற்கு முக்கியக் காரணம் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 1846-ல் பிறந்தவர். நீதித்துறையில் வேலை பார்த்து, மாவட்ட முன்சீப் ஆனவர்.

1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாடல் ஒன்று சான்றாகக் காட்டப்பட்டது. அதைக் கேட்ட சுப்பிரமணிய பிள்ளைக்கு அப்போது 25 வயது. இப்படிப்பட்ட பாடல்கள் இன்னும் எத்தனை எங்கெங்கே கிடக்கின்றனவோ, அவற்றைத் தேடி அச்சில் கொண்டுவர வேண்டும் என்று உறுதி எடுத்தார். வேலையை விடவில்லை. உறுதியையும் விடவில்லை. ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து திரட்டினார். முதல் தொகுதி 1894-ல் வந்தது. இரண்டாம் தொகுதி 1901-ல் வந்தது. 1909-ல் அவர் மறைந்தார். அவர் மகன் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளையும் அரசு வேலையில் இருந்தபடியே அந்தப் பணியைத் தொடர்ந்து, திருப்புகழுக்கு உரை எழுதினார்.

1871-லிருந்து 1894 வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க. 23 வருஷம். முதல் புத்தகம் வர்றதுக்கு மட்டும் அவ்வளவு காலம். நாம 48 நாள் பாராயணத்தை ஒன்பதாவது நாள்ல விட்டுட்டு, முருகன் இன்னும் கண்ணைத் திறக்கலையேன்னு ஸ்டேட்டஸ் போடுறோம்.

ஒன்றைப் பிடித்தபின் மற்றதை விடுதல்

மறுபடி நம்ம சுவாமிகள்கிட்ட வருவோம். துறவு பூண்ட அர்த்தநாரி, சச்சிதானந்த சுவாமிகள் ஆனார். திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியிடம் தங்கியிருந்தார். ஒருநாள் ரமணர் அவரை மலையிலிருந்து கீழே போகும்படி சொன்னார். ஏன், எதற்கு என்று விளக்கவில்லை. சுவாமிகளும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்.

கீழே சேஷாத்ரி சுவாமிகள் இருந்தார். பார்ப்பவர்களுக்குப் பித்தர் போலத் தெரிந்த பெரிய மகான் அவர். திருப்புகழே மகாமந்திரம், உனக்கு வேறு நூல் தேவையில்லை, வள்ளிமலைக்குப் போ என்பதுதான் அவர் காட்டிய வழி.

யோசிச்சுப் பாருங்க. கெட்டதை விடுறது ஒரு வகையில சுலபம். நல்லதுல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மத்த நல்லதை விடுறதுதான் கஷ்டம். நம்ம போன்லயே பாருங்க. கந்த சஷ்டி கவசம், சண்முக கவசம், வேல்மாறல், பகை கடிதல்னு எல்லாமே சேமிச்சு வச்சிருக்கோம். எதையும் முழுசாச் சொல்றதில்லை. சுவாமிகளுக்கு ஒண்ணு போதும்னு சொல்லப்பட்டது. அவர் அந்த ஒண்ணை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

வள்ளிமலை இன்றைய வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. வள்ளியம்மை தினைப்புனம் காத்த இடம். காடும் பாறையுமாக இருந்த அந்த மலையில் தங்கித் தவம் செய்தார். அங்கே திருப்புகழ் ஆசிரமம் உருவானது. தேடி வந்தவர்களுக்குத் திருப்புகழைச் சொல்லிக் கொடுத்தார். வேல்மாறலை நமக்குக் கோர்த்துத் தந்ததும் அவர்தான்.

ஜனவரி 1 யாருக்கு?

அவர் செய்த இன்னொரு பெரிய காரியம் நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா ஏன் செஞ்சார்னு பல பேருக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் நம்மவர்கள் மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வருஷத்தின் முதல் நாளில் துரை முகத்தில் விழித்து, அவருக்கு வணக்கம் சொன்னால்தான் அந்த வருஷம் முழுக்க வேலை நிலைக்கும் என்ற நினைப்பு.

சுவாமிகள் அவர்களைத் திட்டவில்லை. வேலையை விட்டு வா என்றும் சொல்லவில்லை. வரிசையை மாற்றினார். வருஷத்தின் முதல் வணக்கம் தணிகைத் துரைக்கு இருக்கட்டும், பிறகு மற்றவர்களைப் பார்க்கலாம் என்று வழிகாட்டினார். 1917 டிசம்பர் 31 அன்று திருத்தணியில் திருப்புகழ்த் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி, அடுத்த படிக்கு ஏற வேண்டும். மேலே போய்ச் சேரும்போது புது வருஷம் பிறந்து, முதல் தரிசனம் முருகனுடையதாக இருக்கும். 100 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் படித் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளைக்காரத் துரைகள் ஒருவரும் இப்போது இல்லை. தணிகைத் துரை மட்டும் அங்கேயே இருக்கிறார்.

சுவாமிகள் 1950 நவம்பர் 22 அன்று முருகன் திருவடி சேர்ந்தார். 80 வயது நிறைய 3 நாள்தான் பாக்கி. அவர் சமாதி வள்ளிமலையிலேயே இருக்கிறது. எழுத்துத் தெரியாமல் பழனிக்கு வந்த சமையல்காரர், திருப்புகழ் சுவாமிகள் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார்.

நம்ம வரிசை என்ன?

இப்போ நம்ம பக்கம் வருவோம். மம்சாபுரத்துல இருந்து கொஞ்ச தூரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் நாச்சியார் மார்கழிக்கு என்ன செஞ்சாங்க? 30 நாளுக்கு 30 பாட்டு. ஒரே நாள்ல முப்பதையும் முடிக்கல. திருத்தணியில படிக்கு ஒரு பாட்டு. ஒரே தாவுல மலை ஏறல. பெரியவங்க எல்லாரும் இப்படி ஒவ்வொண்ணாத்தான் வச்சிருக்காங்க.

சரி, நாளைக்குக் காலையில கண் முழிச்சதும் நம்ம முதல் வணக்கம் யாருக்கு? பெரும்பாலும் போனுக்குத்தான். நம்ம காலத்துத் துரை அவர்தான். எலுமிச்சம்பழம் மட்டும் கொடுக்கல.

மில்லுல நைட் ஷிப்ட் பாக்கிற தம்பி, சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறி ஓட்டுற அண்ணன், இவங்ககிட்ட போய் பிரம்ம முகூர்த்தத்துல எந்திரின்னு சொன்னா நடக்குமா? வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். அவங்க எழுந்திரிக்கிற நேரம் சாயங்காலம் 4 மணியா இருக்கலாம். பரவாயில்லை. கடிகாரத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. வரிசையை மட்டும் மாத்தாதீங்க. எப்போ எழுந்தாலும் முகம் கழுவி, திருநீறு பூசி, முதல்ல ஒரு திருப்புகழ். அதுக்கப்புறம் போன், டீ, வேலை எல்லாம்.

ஒரு பாட்டு, அவ்வளவுதான். வாய் புரளலைன்னா 4 அடி மட்டும். எழுத்துத் தெரியாத ஒருத்தர் ஆரம்பிச்ச இடத்தை விட நாம நல்ல இடத்துலதான் இருக்கோம்.

ஒருநாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் முதல் நாள்ல இருந்து எண்ண வேண்டாம். விட்ட படியில இருந்தே ஏறுங்க. 23 வருஷம் ஏடு தேடினவர் எத்தனை வீட்டுல ஒண்ணும் கிடைக்காமத் திரும்பியிருப்பார்னு நினைச்சுக்கோங்க.

இனி வேல்மாறல் கேக்கிறப்போ, அதே அடி திரும்பத் திரும்ப வர்றதைக் கவனிங்க. அடி பழசுதான். வரிசை மாறும்போது அது புதுசாக் கேக்குது. நம்ம வீடு, வேலை, கடன், படிப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கப்போகுது. முருகனை முதல் அடியா வச்சுட்டா, மிச்சம் எப்படிக் கேக்குதுன்னு நீங்களே பாருங்க.

இந்த டிசம்பர் 31-க்கு திருத்தணி போக முடிஞ்சவங்க போங்க. முடியாதவங்க உங்க ஊர் முருகன் கோவில் படியில நின்னு ஒரு திருப்புகழ் பாடுங்க. வேல்மாறல் கேக்கிற உங்க நண்பருக்கு இதை அனுப்பி, அதைக் கோர்த்துக் கொடுத்த சுவாமிகளை ஒரு நிமிஷம் நினைக்கச் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளிமலை சுவாமிகள் திருவடிகள் சரணம்!