மீனுக்கும் வழி கேட்ட மருத்துவர்

ஓடையில் எத்தனை வகை மீன் வாழும் என்பதைத் தண்ணீரின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. முட்டையிட மேலே ஏறவும், குஞ்சுகள் கீழே இறங்கவும் வழி இருக்க வேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆறுகளைப் பார்த்து இதைச் சொன்னவர் பிரான்சிஸ் டே.

1829-ல் இங்கிலாந்தில் பிறந்த டே, 1852-ல் சென்னை மாகாணத்துக்கு ராணுவ மருத்துவராக வந்தார். கொச்சியில் பணிபுரிந்த காலத்தில் மீன்களைச் சேகரித்து, 1865-ல் மலபார் மீன்கள் பற்றி நூல் எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும், இன்று 'மிஸ் கேரளா' என்ற பெயரில் தொட்டி மீனாக விற்கும் சிவப்புக் கோட்டு மீனுக்கு அறிவியல் பெயரிட்டவரும் அவரே.

அணைகள் மீன்வளத்தைக் குறைக்கின்றனவோ என்ற கேள்வியை 1867-ல் எழுப்பியவர், கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன். அதை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. கடலிலிருந்து முட்டையிட எதிரேறி வரும் உல்லம் மீன், அணைக்கட்டைத் தாண்ட முடியாமல் அதன் அடியிலேயே கூடி வலைக்கு இரையாவதை அவர் எடுத்துக்காட்டினார்.

1871-ல் மீன்வளத் தலைமை ஆய்வாளரான டே, 1873-ல் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். வயல் மடைகளில் பறி வைத்துக் குஞ்சுகளை அள்ளுவது, பொடிக்கண் வலை, நீரில் நஞ்சு கலப்பது ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னார். அணைகளில் மீன் ஏறும் வழி அமைக்கவும் கேட்டார்.

அவர் 1889-ல் இறந்தார். நஞ்சுக்கும் வெடிக்கும் தடை விதித்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல்தான் வந்தது. வழி கேட்டதோ பெரும்பாலும் காகிதத்தில் நின்றது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லம் வரத்து மேலும் சரிந்தது.

நம் கையில் இருப்பது சின்ன ஓடைகள். தடுப்பணை கட்டும்போது ஓர் ஓரத்தில் கற்கள் அடுக்கிய சரிவு விடச் சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள். புதுவெள்ளம் வரும் நாட்களில் மடையில் பறி வைக்காதீர்கள். மருந்து தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். வயலுக்குள் ஏறும் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்னும்; வளர்ந்தபின் நம் வீட்டுக் குழம்புக்கும் வரும்.