மறையெழுத்தின் திரை விலக்கிய மாமேதை அல்கிந்தீ

கணினி அறிவியல் பயிலும் இளங்கலை மாணவர் மறைகுறியீட்டியல் என்னும் பாடத்தைத் தொடங்கும்போது முதலில் எதனைக் கற்கின்றனர்? ஓர் எழுத்துக்கு மாற்றாக வேறோர் எழுத்தை இட்டு வரையப்பெற்ற இரகசிய மடலை, அதன் திறவுகோல் கைவசம் இல்லாமலேயே படித்துவிடும் முறையைக் கற்கின்றனர். வங்கிக் கணக்கையும் கைப்பேசிச் செய்தியையும் காத்து நிற்கும் இன்றைய பெருங்கலைக்கு அதுவே நுழைவாயில். நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அம்முறையை முதன்முதலாக விளக்கி உரைப்பது ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்கிந்தீ எழுதிய நூலாகும். தம் மொழியின் எழுத்துகளைப் பொறுமையுடன் எண்ணி அவர் அவ்வாயிலைத் திறந்தார் என்பது, மொழித்துறை சார்ந்த நாம் பெருமிதத்தோடு அறிய வேண்டிய செய்தியாகும்.

பிறப்பும் கல்வியும்

அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தீ, கி.பி. 801 அளவில் கூஃபா நகரில் பிறந்தார் என்பர். கிந்தா என்னும் தொன்மையான அரபுக் குலத்தைச் சேர்ந்தவர். தந்தையார் கூஃபாவின் ஆளுநராக விளங்கியவர். பாக்தாதில் கல்வி கற்று, கலீஃபா மஃமூன் (813-833) காலத்தில் அறிஞர் அவையில் இடம்பெற்றார். அடுத்து அரியணை ஏறிய முஃதஸிம், தம் மகன் அஹ்மதுக்கு அவரை ஆசிரியராக்கினார்.

கிரேக்க நூல்கள் அரபு மொழிக்குப் பெயர்ந்துகொண்டிருந்த பொற்காலம் அது. கிந்தீயைச் சூழ்ந்து பணியாற்றிய மொழிபெயர்ப்பாளருள் கிறித்தவரும் இருந்தனர். உண்மை எந்த நாட்டாரிடமிருந்து வரினும் அதனை ஏற்பதில் நாணம் கூடாது என்பது அவர்தம் கொள்கை. இந்திய எண்முறையைப் பற்றி நூல் எழுதினார். மருத்துவம், ஒளியியல், இசை ஆகியவற்றிலும் எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் இப்னு அந்நதீம் தொகுத்த நூலடைவு, அவர் பெயரில் 200-க்கும் மேற்பட்ட நூல்களைக் குறிக்கின்றது. அவற்றுள் நமக்குக் கிடைத்தவை சிறுபகுதியே.

மொழியிலிருந்து பிறந்த கலை

மறையெழுத்தைக் கணிதத்துறையின் சொத்தென்றே நாம் கருதுகிறோம். அதன் வேர் மொழியியலில் உள்ளது. அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அகராதிக் கலைக்கு வித்திட்டவருமான கலீல் இப்னு அஹ்மத், கிந்தீக்கு முன்னரே மறையெழுத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார் என்பர், அது கிடைக்கவில்லை. எந்த எழுத்தோடு எந்த எழுத்து கூடும், எது கூடாது என்று மொழியறிஞர் ஆராய்ந்து வைத்திருந்தனர். அவ்வாராய்ச்சியையே கிந்தீ கருவியாக்கிக்கொண்டார்.

எண்ணிக்கை என்னும் திறவுகோல்

அரபு எழுத்துகள் 28. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி அமைக்கும் வழிகளைக் கணக்கிட்டால், 3-க்குப் பின் 29 சுழியங்கள் இட்ட எண்ணளவு வரும். நொடிக்கு நூறு கோடி வழிகளைச் சோதிக்கும் கணினியும் அனைத்தையும் சோதித்து முடிக்க ஏறத்தாழப் பத்து இலட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். இத்தகைய பூட்டை யாரால் திறக்க இயலும் என்றே எவரும் நினைப்பர்.

கிந்தீ கூறிய வழியோ மிக எளியது. மடல் எம்மொழியில் எழுதப்பெற்றது என்று அறிந்தபின், அம்மொழியின் வெளிப்படையான உரைப்பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகின்றது என எண்ண வேண்டும். மிகுதியாக வருவதை முதலாவது என்றும், அடுத்ததை இரண்டாவது என்றும் வரிசைப்படுத்த வேண்டும். பின்னர் மறைமடலின் குறிகளையும் அவ்வாறே எண்ணி, வரிசைக்கு வரிசை பொருத்திப் பார்க்க வேண்டும். அவரே 3,600-க்கும் மேற்பட்ட எழுத்துகளை எண்ணினார். அவற்றுள் அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் வந்தன. எழுத்தின் உருவத்தை மாற்றலாம். அது மொழியில் பெற்றுள்ள பங்கை மாற்ற இயலாது என்பதே இதன் உட்பொருள்.

முறையின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். மடல் மிகச் சிறிதாயின் எண்ணிக்கை பயன் தராது. அப்போது எழுத்துகளின் கூட்டையும், மடல்களின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் சொற்களையும் துணைக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டினார்.

பறிபோன நூலகம்

கலீஃபா முதவக்கில் (847-861) காலத்தில் கிந்தீக்குச் சோதனை வந்தது. பனூ மூசா என்னும் அறிஞர் சகோதரர்களின் சூழ்ச்சியால் அவர் அடிக்கப்பட்டார். அவருடைய நூலகமும் பறிக்கப்பட்டது. அதன் பின் நிகழ்ந்ததை இப்னு அபீ உஸைபிஆ என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் விரித்துரைக்கின்றார். அச்சகோதரர் பொறுப்பில் வெட்டப்பெற்ற கால்வாய் ஒன்றின் தலைப்பகுதி, ஏனைய பகுதியைவிட ஆழமாக அமைந்துவிட்டது. ஆறு பெருகினாலன்றி அதில் நீர் ஓடாது. இதனை ஆராய ஸனத் இப்னு அலீ என்னும் வானியலறிஞரைக் கலீஃபா அழைத்தார். உயிருக்கு அஞ்சிய சகோதரர் அவரிடம் அடைக்கலம் வேண்டினர். ஸனத் கிந்தீயின் நண்பரல்லர். எனினும் கிந்தீயின் நூல்களைத் திருப்பித் தந்தாலன்றி உதவ இயலாது என்று உறுதியாக மறுத்தார். நூல்கள் திரும்பின. தமக்கு உகவாத ஒருவரின் நூல்களுக்காக வாதாடிய அவ்வறிஞரின் பண்பை எண்ணி நாம் நெஞ்சம் நெகிழ்கிறோம்.

மறைந்ததும் மீண்டதும்

கி.பி. 873 அளவில் பாக்தாதில் கிந்தீ மறைந்தார். ஐரோப்பாவில் எழுத்துகளின் வருகையை ஆராய்ந்து மறையெழுத்தைப் பற்றி ஆல்பர்ட்டி எழுதியது 1466 அளவில். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். கிந்தீயின் நூலோ இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் கையெழுத்துப் படியாக நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. அரபு அறிஞர் சிலர் அதனைக் கண்டெடுத்து ஆராய, டமாஸ்கஸ் அரபுக் கழகம் 1987-இல் அச்சிட்டு வெளியிட்டது. அதன் பின்னரே முதன்மை யாருக்குரியது என்பதை உலகம் உணர்ந்தது.

நல்ல மறைகுறி, தான் மறைக்கும் மொழியின் எழுத்தளவைச் சிறிதும் வெளிக்காட்டலாகாது என்பது இக்கலையின் அடிப்படைப் பாடம். 1949-இல் கிளாடு ஷானன் அதனைக் கணித நெறியில் நிறுவினார். ஆயின் அப்பாடத்தின் முதல் வினாவை எழுப்பியவர் கிந்தீயே எனின் மிகையாகாது.

மாணவச் செல்வங்களே! ஒரு தமிழ் நூலின் பக்கத்தை எடுத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி வரிசைப்படுத்திப் பாருங்கள். மறைகுறியீட்டியலின் முதற்பாடம் உங்கள் கைவிரல்களிலேயே தொடங்கிவிடும். பறிக்கப்பட்ட நூல்களை மீட்க ஒருவர் இருந்தார்; படியெடுத்துக் காக்க வேறொருவர் இருந்தார்; தூசி தட்டிப் படிக்கவும் சிலர் முன்வந்தனர். அவர்களுள் ஒருவர் தவறியிருப்பினும் கிந்தீயின் இந்நூல் நமக்குக் கிட்டியிராது. நம் நூலகங்களில் திறக்கப்படாமல் கிடக்கும் ஏடுகளை நோக்கி நம் கைகள் நீளட்டும்!