ஒளிந்து விளையாடிய சந்திரன்

நம் வாழ்வில் சிலவற்றைத் தேடியும் காணாவிட்டால், அது இல்லவே இல்லை என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி முடிவு கட்டாத ஓர் அறிஞரின் வாழ்வை இங்கே காண்போம்.

ஜியோவன்னி டொமினிக்கோ காசினி 1625-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், இத்தாலியில் ஜெனோவாக் குடியரசைச் சேர்ந்த பெரினால்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜெனோவாவில் சேசு சபைக் குருக்களின் கல்லூரியில் பயின்றார். 1650-இல் பொலோஞா பல்கலைக்கழகத்தில் வான நூல் பேராசிரியரானார். அந்நகரின் புனித பெட்ரோனியுஸ் ஆலயத் தரையில் 1655-இல் சுமார் 67 மீட்டர் நீளமுள்ள நண்பகல் கோட்டை அமைத்தார். கூரையிலுள்ள சிறு துளை வழியே விழும் கதிரவனின் ஒளி, அக்கோட்டின் மீது நாள்தோறும் இடம் மாறும். உயிர்ப்புத் திருநாளைக் கணிக்கும் நாட்காட்டியைச் சரிபார்க்க அது உதவியது.

1669-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அழைப்பை ஏற்றுப் பாரிஸ் சென்றார். 1671 அக்டோபரில் சனிக் கிரகத்தின் மேற்கே புதிய சந்திரன் ஒன்றைக் கண்டார். இன்று அதன் பெயர் இயாப்பெட்டஸ். அது சனியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 79 நாட்கள் ஆகும். ஆனால் கிழக்குப் பக்கம் வரவேண்டிய நாட்களில் எவ்வளவு தேடியும் அது தென்படவில்லை. மேற்கே வரும்போது மீண்டும் தோன்றியது!

அன்று ஒளியை அளக்கக் கருவி இல்லை, கண்ணே கருவி. காசினி சிந்தித்தார். நம் நிலவு பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, இதுவும் சனிக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஆகவே மேற்கே ஒரு பாதியும், கிழக்கே மறு பாதியும் நமக்குத் தெரிகின்றன. அவற்றுள் ஒன்று வெளுப்பு, மற்றது கருமை என்று கூறினார். 1705-இல், தமது எண்பதாம் வயதில், மேலும் திறனுள்ள தொலைநோக்கி மூலம் கிழக்கிலும் அதைக் கண்டார். சுமார் ஆறில் ஒரு பங்கு ஒளியே அங்கு இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்ததன் பலன் அது!

இறுதிக் காலத்தில் அவர் கண்பார்வையை இழந்தார். 1712 செப்டம்பர் 14-ஆம் நாள் பாரிஸில் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய விண்கலம் 2007-இல் இயாப்பெட்டஸை நெருங்கிப் படமெடுத்தது. ஒரு பாதி பனிபோல் வெண்மை. மறு பாதி கரிபோல் கருமை. சனியின் வேறொரு சந்திரனான ஃபீபியிலிருந்து வரும் தூசி அம்முகத்தில் படிகிறது. கருமை வெப்பத்தை ஈர்ப்பதால் அங்குள்ள பனி ஆவியாகி மறு பக்கம் சேர்கிறது. ஒளி கூடிக் குறைவதை அளக்கும் அதே வழியில்தான், புளூட்டோ 6.4 நாட்களுக்கு ஒருமுறை சுழல்வதை 1955-இல் அறிஞர்கள் கண்டனர்.

மாணவியரே, கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் அச்சந்திரன் தன் பாதையில் சென்றுகொண்டுதான் இருந்தது. காசினி அதை நம்பினார், பொறுமையோடு தேடினார். படிப்பிலும் செபத்திலும் இருள் சூழும் நாட்களில் நாமும் அவ்வாறே நிலைத்து நிற்போமாக!